பைண்டிங் கடையில் படித்த விஞ்ஞானி

லண்டன் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவர் புத்தகக் கடையும் பைண்டிங் பட்டறையும் வைத்திருந்தார். 1805-ல் கொல்லர் வீட்டுப் பையன் ஒருவன் அங்கே தொழில் பழகச் சேர்ந்தான். வயது 14. எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு, அவ்வளவுதான் அவன் பள்ளியில் கற்றது. பின்னாளில் காந்தத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடேதான் அந்தப் பையன்.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களையே அவர் படித்தார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல்களும் அவரைப் பிடித்துக்கொண்டன. எப்படிப் படிப்பது என்பதைக் காட்டியது இன்னொரு நூல். மனத்தைப் பண்படுத்துவது பற்றி ஐசக் வாட்ஸ் எழுதியது அது. குறிப்பெடுப்பது, சொற்பொழிவு கேட்பது, நண்பர்களோடு விவாதிப்பது என்று அதில் சொல்லியிருந்ததை ஃபாரடே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்.

1810-ல் ஜான் டேட்டம் என்பவர் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் போகத் தொடங்கினார். ஒரு கூட்டத்துக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அண்ணன் ராபர்ட் கொடுத்தார். அங்கே கிறுக்கியதை வீட்டுக்கு வந்து விரிவாக எழுதுவார். கருவிகளின் படம் சரியாக வர வேண்டுமே! ரீபோவின் வீட்டில் குடியிருந்த ஓவியர் ஒருவரிடம் அதற்காகவே வரையக் கற்றுக்கொண்டார். எழுதி முடித்த குறிப்புகளைத் தாமே பைண்ட் செய்தார்.

படித்ததைக் கையால் செய்து பார்க்காமல் அவருக்கு நம்பிக்கை வராது. 1812 ஜூலையில் துத்தநாகத் தகட்டை அரைப் பென்னிக் காசு அளவுக்கு ஏழு வில்லைகளாக வெட்டினார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு செப்புக் காசு. இடையில் உப்பு நீரில் நனைத்த காகிதம். அந்தச் சின்ன மின்கல அடுக்கின் கம்பிகளை எப்சம் உப்புக் கரைசலில் விட்டதும் குமிழிகள் கிளம்பின. நண்பர் பெஞ்சமின் அபாட்டுக்கு உடனே நீண்ட கடிதம் எழுதினார். கண்டதை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்வதும் அவருடைய பயிற்சியில் ஒரு பகுதி.

அதே ஆண்டு, கடைக்கு வரும் ஒருவர் தந்த டிக்கெட்டில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் நான்கு உரைகளைக் கேட்டார். அவற்றை 300 பக்கங்களுக்கு மேல் எழுதி, பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கே ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது.

வேலை கிடைத்த பிறகும் பழக்கம் விடவில்லை. சில நண்பர்கள் கூடி ஒருவர் பேச்சையும் எழுத்தையும் மற்றவர் திருத்தும் குழுவில் இருந்தார்; பேச்சுக்கலைக்குத் தனியாக ஆசிரியர் வைத்துக்கொண்டார். 1832 முதல் ஆய்வு நாட்குறிப்பின் ஒவ்வொரு பத்திக்கும் வரிசை எண் போட்டார். அந்த எண் 16,000-ஐத் தாண்டியது. பழைய சோதனை எதையும் எண்ணைச் சொல்லி எடுத்துவிடலாம்.

ஒரு குறை கடைசிவரை இருந்தது. உயர்கணிதம் அவருக்கு வரவில்லை. காந்தப் புலத்தைக் கோடுகளாகவே மனத்தில் கண்டு யோசித்தார். அதைக் கணிதமாக்கியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். 1857-ல், தமது 66-வது வயதில், 26 வயதுப் பேராசிரியரான மேக்ஸ்வெல்லுக்கு ஃபாரடே கடிதம் எழுதினார். கணிதத்தால் கிடைத்த முடிவுகளை, தம்மைப் போன்றவர்கள் சோதித்துப் பார்க்கும்படி சாதாரண மொழியிலும் எழுதித் தர முடியுமா என்று அதில் கேட்டார்.