வீனர்டெர்ட்டா: செய்து வைத்து, காத்திருந்து சாப்பிடும் ஏழடுக்கு கேக்



பேக்கரி பயிற்சி முடித்த குழுக்களுக்குப் போகும்போதெல்லாம் எங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "கிரீம் கேக் ரெண்டு நாள்ல கெட்டுப்போகுது. வச்சிருந்து விக்கிற மாதிரி கேக் ஏதும் இல்லையா?" கிறிஸ்துமஸ் பழக்கேக் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதே குணம் உள்ள இன்னொன்றை இந்த இதழில் சொல்கிறோம். பெயர் வீனர்டெர்ட்டா. ஐஸ்லாந்து நாட்டுக் கேக். இதைச் செய்த அன்றைக்கே வெட்டினால் பிஸ்கட்டும் ஜாமும் தனித்தனியாக நிற்கும், சுமாராகத்தான் இருக்கும். மூன்று நாள் கழித்து வெட்டினால்தான் அது கேக்.

ஐஸ்லாந்து அட்லாண்டிக் கடலின் வடக்கே இருக்கும் குளிர்ந்த தீவு. செம்மறி ஆடும் மீனும்தான் அந்தக் காலத்துப் பிழைப்பு. கோதுமை விளைவது அபூர்வம், பழத்தோட்டம் கிடையாது. மாவு, சர்க்கரை, உலர்ந்த பழம் எல்லாமே கப்பலில் வந்து இறங்கணும். அதனால் இந்த மாதிரி கேக் தினசரிப் பண்டம் இல்லை, பண்டிகைக்கும் விருந்தாளிக்கும்தான். வீனர்டெர்ட்டா என்றால் 'வியன்னா கேக்' என்று பொருள். வியன்னா ஆஸ்திரியாவின் தலைநகரம். ஐரோப்பாவின் நாகரிகம் டென்மார்க் வழியாக அந்தத் தீவுக்குப் போன காலத்துப் பெயர் அது.

1875ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கே அஸ்க்யா என்ற எரிமலை வெடித்தது. கிழக்குப் பகுதி மேய்ச்சல் நிலமெல்லாம் சாம்பலால் மூடிப்போனது. ஆட்டை நம்பிய குடும்பம் என்ன செய்யும்? ஏற்கெனவே வறுமையால் ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த மக்கள் இன்னும் அதிகமாகக் கிளம்பினார்கள். அன்று மொத்தமே எழுபதாயிரம் பேர் இருந்த நாடு அது. அதிலிருந்து 1914 வரை பல ஆயிரம் பேர் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். 1875 அக்டோபரில் ஒரு கூட்டம் கனடாவில் வினிபெக் ஏரிக்கரையில், இன்றைய கிம்லி ஊர் இருக்கும் இடத்தில் இறங்கியது. பனிக்காலம் தொடங்கும் நேரம். அடுத்த வருஷம் பெரியம்மை வந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கரையில் முன்பிருந்தே வாழ்ந்த பூர்வகுடி மக்களும் அதே நோயில் செத்தார்கள், அவர்கள் நிலமும் பறிபோனது. அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

அப்படிப் போன பெண்கள் கையோடு கொண்டுபோனதில் இந்தக் கேக் செய்யும் பக்குவமும் ஒன்று. ஊரில் அப்புறம் பழக்கம் மாறிவிட்டது. ஐஸ்லாந்தில் இன்று இதே மாதிரி கேக்குக்கு ராண்டாலின் என்ற பெயரும் உண்டு, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டில் செய்த ஜாம் வைப்பதும் உண்டு. கனடாவுக்குப் போனவர்களின் பேத்திகளோ இன்னமும் உலர்ந்த பிளம் பழம்தான் வைக்கிறார்கள். ஊரை விட்டுப் போனவங்கதான் பழசை இறுக்கிப் பிடிக்கிறாங்க!

இன்னொரு சேதி நம்ம குழுக்களுக்குப் பிடிக்கும். ஐஸ்லாந்தில் 1869லேயே ஸ்காகாஃபியோர்துர் பகுதிக் கிராமப் பெண்கள் சங்கம் ஆரம்பித்தார்கள். கனடா போன பெண்களும் அங்கே சங்கம் வைத்தார்கள். காபியும் கேக்கும் விற்று, தேவாலயத்துக்கும் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கும் பணம் சேர்த்தார்கள். கிம்லியில் 1932 முதல் கோடையில் நடக்கும் ஐஸ்லாந்து விழாவில் இன்றும் இந்தக் கேக் இல்லாமல் முடியாது.

இப்போது செய்முறைக்கு வருவோம். 500 கிராம் மைதா, 225 கிராம் வெண்ணெய், 250 கிராம் பொடித்த சர்க்கரை, 2 முட்டை, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு டீஸ்பூன் ஏலப்பொடி, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டு மூணு ஸ்பூன் பால். வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாகக் குழைத்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடிக்கவும். மற்றதைச் சலித்துப் போட்டு, பால் தெளித்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவைவிட மிருதுவாக வரும். ஒரு மணி நேரம் குளிரில் வைத்து, ஏழு உருண்டையாகப் பிரிக்கவும். ஒன்று சுமார் 150 கிராம் வரும். தராசில் நிறுத்துப் பிரியுங்கள், கண்ணால் பிரித்தால் அடுக்கு கோணிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் 9 அங்குல வட்டமாகத் தட்டி, 180 டிகிரி ஓவனில் 10 முதல் 12 நிமிடம் வேகவிடவும். ஓரம் லேசாகப் பொன்னிறமானால் எடுத்துவிடணும். சிவக்க விடக்கூடாது.

உள்ளே வைப்பதற்கு, கொட்டை நீக்கிய உலர்ந்த பிளம் பழம் 700 கிராம். பெரிய கடைகளில் புரூன்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். பழம் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு அரை மணி நேரம் வேகவைத்து மசித்து, 150 கிராம் சர்க்கரை போட்டுக் கிளறவும். கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கிற பதம் வேண்டும். இறக்கும்போது ஒரு டீஸ்பூன் ஏலப்பொடி, கொஞ்சம் வெனிலா. ஏலக்காய் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த செடி. அது இல்லாமல் இந்த வடதேசத்துக் கேக்குக்கு வாசனையே இல்லை பாருங்க.

எல்லாம் நன்றாக ஆறிய பிறகு ஒரு வட்டு, ஒரு பூச்சு என்று அடுக்கவும். மேலே வெறும் வட்டு வரணும். பட்டர் பேப்பரில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் மூன்று நாள் வையுங்கள். மழைக்காலத்தில் முறுக்கு நமுத்துப்போகும் இல்லையா? அதே காரியம்தான் உள்ளே நடக்கிறது. பழத்தின் ஈரம் மெல்ல மெல்ல காய்ந்த வட்டுகளில் இறங்கி, கத்தி வைத்தால் ஒன்றாக வெட்டுப்படும். முறுக்குக்கு நமுப்பது கேடு, இதற்கு அதுதான் ருசி.

ஏழு அடுக்கா ஐந்தா, மேலே சர்க்கரைப் பூச்சு வேணுமா வேண்டாமா என்று அங்கே குடும்பத்துக்குக் குடும்பம் சண்டை. சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று நம்ம வீடுகளில் நடப்பது போலத்தான்.

விற்க நினைக்கிற குழுக்களுக்கு ஒரு வார்த்தை. வெண்ணெயும் பிளம் பழமும் விலை அதிகம். முதலில் ஒரு கேக்குக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், கேஸ் செலவையும் உங்கள் கூலியையும் விட்டுவிடாமல். பேரீச்சம்பழம் வைத்தால் செலவு குறையும்; சர்க்கரையைக் குறைத்து எலுமிச்சை பிழிந்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்கு 'பேரீச்சை அடுக்கு கேக்' என்று பெயர் வையுங்கள். வாங்குகிறவரிடம் இல்லாததைச் சொல்லி விற்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

குளிர்நாட்டில் வாரக்கணக்கில் இருக்கிறதே என்று இங்கேயும் லேபிளில் ஒரு மாதம் என்று அடித்துவிடாதீர்கள். நம்ம வெயில் வேறு, ஃபிரிட்ஜில்தான் வைக்கணும். எத்தனை நாள் தாங்குகிறது என்பதைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்த பிறகே தேதி போடணும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் கட்டாயம்.

வெட்டும்போது முக்கோணமாக வெட்டாமல் விரல் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். கனமான இனிப்பு, ஒருவருக்கு ஒரு துண்டு போதும். கூடவே சர்க்கரை குறைத்த காபி.