கித்தார் அலறினால் என்ன நிறம்?

கையில் இருந்தது நீல நிறக் கைபேசி. அதற்கு ரிங்டோன் தேடிக்கொண்டிருந்த அந்தப் பதின்வயதுப் பெண், ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, இது ஆரஞ்சு, நீலத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றார். பக்கத்தில் இருந்தவர் விழித்தார். பாட்டு எல்லோருக்கும் நிறமாகத்தான் தெரியும் என்று அதுவரை நம்பியிருந்தார் அந்தப் பெண்.

அவர்தான் அமெரிக்க ஓவியர் மெலிசா மெக்ராக்கன். கித்தார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'லிட்டில் விங்' பாட்டை வரைந்திருக்கிறார். அதில் முகமோ மேடையோ கிடையாது. முழுக்க வண்ணம்தான். இந்தப் புலன் கலப்புக்கு சினெஸ்தீசியா என்று பெயர். சிலருக்கு எழுத்து நிறமாகத் தெரியும், சிலருக்குக் கிழமை. எல்லா வகையும் சேர்த்தால் நூற்றில் சுமார் 4 பேர் தேறுவார்கள். இது வெறும் கற்பனையா என்று சோதிக்க எளிய வழி உண்டு. சில மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் அதே ஒலியை மறுபடி கேட்கவைப்பார்கள். சினெஸ்தீசியா உள்ளவர் அதே நிறத்தைச் சொல்வார்.

மற்ற 96 பேருக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. பெர்க்லி ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்களும் மெக்சிகோக்காரர்களும் செவ்வியல் இசைக்கு நிறம் தேர்ந்தார்கள். துள்ளலான இசைக்கு இரு நாட்டாரும் பளிச்சென்ற மஞ்சள் பக்கம் போனார்கள். இடையில் பாலமாக இருப்பது உணர்ச்சி என்றார்கள் ஆய்வாளர்கள்.

நிறம் சரி, வடிவம்? தி கிங்க்ஸ் ராக் குழுவின் கித்தார் கலைஞர் டேவ் டேவிஸ் 1964-இல் தன் சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தை சவர பிளேடால் கீறினார். கிழிசல் அதிர்ந்து எழுந்த கரகரப்புதான் 'யூ ரியலி காட் மீ' பாட்டில் கேட்பது. ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மீறி முடுக்கினாலும் இந்தக் கரகரப்பு வரும். அலையின் உருண்ட முகடு மேற்கொண்டு எழும்ப முடியாமல், கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிறது. சீவிய இடத்தில் மூலைகள் முளைக்கின்றன. அந்த மூலைகள்தான் புதிய மேற்சுரங்களாக, உறுமலாக நம் காதில் விழுகின்றன.

காதில் விழும் கரகரப்பு கண்ணில் கூர்முனையாவது ஏன்? இங்கே நம்மவர்கள் வருகிறார்கள். மூளை ஆய்வாளர்கள் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001-இல் எழுதிய கட்டுரையில், இரண்டு உருவங்களைக் காட்டி எது 'பூபா', எது 'கிகி' என்று அமெரிக்க மாணவர்களிடமும் தமிழ் பேசுவோரிடமும் கேட்டதைச் சொல்கிறார்கள். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் உருண்டையானதைப் பூபா என்றும், முள்முள்ளாக இருப்பதைக் கிகி என்றும் சொன்னார்கள். ஆங்கில 'கே' எழுத்து கூராக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று வாதிடலாம். ஆனால் நம் எழுத்தை எழுதிப் பாருங்கள்: 'கி'யின் தலையில் வளைவு, 'ப'வுக்கு இரண்டு மூலை.