ஒரு மேசை, நான்கு போர்வைகள்

நடுநிசியில்கூட வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வமாக இருக்கும் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில், மின்விசிறி ஓயாமல் சுழலும் ஒரு கூடத்தில், மடியின்மேல் கனத்த ஒட்டுப் போர்வையைப் பரப்பிக்கொண்டு ஒரு பெண்மணி நெற்றி வியர்வையைத் துடைத்துத் துடைத்துத் தையல் போடுகிறாள் என்று கேள்விப்படுகிறவர்கள், இந்த வெயில் தேசத்தில் போர்வை யாருக்கு என்று கேட்பது நியாயமே. பிறந்த குழந்தைக்கு அடியில் விரிக்க, ஏர்கோன் அறையில் போர்த்திக்கொள்ள, அடைமழை பெய்யும் விடியற்காலையில் காலில் இழுத்துவிட்டுக்கொள்ள என்று அதற்கு உபயோகங்கள் உண்டு; இவ்வூர் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, நடுங்கிக்கொண்டே கோலாலம்பூர் போய் இறங்கியவர்களிடம் கேட்டால் இன்னொரு உபயோகமும் சொல்வார்கள். ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். போர்வை தைக்கிற பெண்களின் மீது வீட்டார் சாட்டும் வேறொரு குற்றம்தான் விசாரணைக்கு உரியது: ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடங்குகிறார்கள் என்பது.

என் சின்னம்மா பிறை வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாமான் குடியிருப்பில் உள்ள அவருடைய வீட்டில் எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் குறைந்தபட்சம் நான்கு போர்வைகள் நான்கு நிலையில் கிடக்கும். "ஒன்னயாச்சும் முடிச்சிட்டு அடுத்ததத் தொடக் கூடாதா?" என்று சித்தப்பா கேட்பார். "நீங்க சாப்பிட உக்காந்தா சோறு மட்டுமா கேக்கிறீங்க? ஒரு அடுப்புல சோறு வேகும்போதே இன்னொன்னுல கொழம்பு கொதிக்கலையா?" என்று அவர் கையிலுள்ள தையலை விடாமலே பதில் சொல்வார். இந்தப் பதிலை நான் வெகுநாள் வரை வாய்ச்சாதுரியம் என்றே எண்ணியிருந்தேன். வேலையின் கிரமத்தை அருகிலிருந்து கவனித்த பிறகுதான் அது முற்றிலும் சரியான கணக்கு என்பது விளங்கிற்று.

ஒட்டுப் போர்வை என்பது மூன்று அடுக்கு. துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த மேல்முகம் ஒன்று, நடுவே மெத்தென்ற ஓர் அடுக்கு, அடியில் ஒரே துணியாலான முதுகு. இம்மூன்றும் நகராதபடி ஊடுருவிச் செல்லும் தையல். கடைசியாக நான்கு ஓரங்களையும் மூடும் பட்டி. ஒற்றைக் கட்டிலுக்கு 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் வேண்டுமென்று வைத்துக்கொண்டால், தைத்து முடிந்தபின் 4 அங்குலமாக நிற்கும் சதுரங்கள் 300 தேவைப்படும்; மூட்டுக்குக் கால் அங்குலம் சுற்றிலும் விட வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றையும் 4½ அங்குலமாக வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு வீட்டின் சாப்பாட்டு மேசை முழுவதும் வேண்டும். மேசை முழுவதும் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகுதான். அதற்கு மாறாக, வெட்டிய சதுரங்களை மெஷினில் இரண்டிரண்டாக இணைப்பதற்குக் குக்கர் விசில் வருவதற்குள் கிடைக்கிற பத்து நிமிஷமே போதும். ஆனால் பொதுச்சுவர் வைத்துக் கட்டிய வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கிய பிறகு மெஷினை மிதிக்க முடியாது. மூன்று அடுக்குகளையும் ஒன்றாக விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சுருக்கத்தைத் தடவித் தள்ளிக்கொண்டே, பெரிய பெரிய நூலோட்டமாக ஓட்டி நிறுத்துவதற்கோ கூடத்துத் தரை காலியாக வேண்டும், வளைகிற முழங்கால் வேண்டும், எதிர்ப்பக்கத்தில் இழுத்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும்; எனவே அது மகள் விடுமுறைக்கு வரும் வரையில் காத்திருக்கும். கைத்தையலுக்கு மேசையும் வேண்டாம், தரையும் வேண்டாம், தொலைக்காட்சித் தொடருக்கு முன்னால் உட்கார ஒரு நாற்காலி போதும் என்றாலும், மடியில் அத்தனை கனத்தை வைத்துக்கொள்ளப் புழுக்கமான மாதங்களில் யாராலும் ஆகாது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பினாங்கில் மழை வலுக்கும்போதுதான் அதற்கு வாகான காலம் வருகிறது. அந்தச் சமயம் பார்த்துத்தான் தீபாவளியும் வந்து, அக்கம்பக்கத்தாரின் ரவிக்கைத் துணிகள் மெஷின்மேல் குவிந்துவிடுகின்றன!

இப்படி ஒவ்வொரு கட்டமும் வெவ்வேறு விதமான பொழுதைக் கேட்கிறபோது, ஒரே ஒரு போர்வையை மட்டும் கையில் வைத்திருப்பவள், அந்தப் போர்வை கேட்கும் பொழுது வாய்க்காத நாளிலெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியவள் ஆகிறாள். நான்கு வைத்திருப்பவளுக்கோ கிடைக்கிற எந்தப் பொழுதும் வீண் போவதில்லை. சித்தப்பாவிடம் இதை எடுத்துச் சொன்னேன். அவருடைய அபிப்பிராயத்தில் மாறுதல் இல்லை.

கால் அங்குலம் என்று மேலே சொன்னதைச் சாமானியமாக நினைத்துவிடக் கூடாது. அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது தையற்காரர் கணக்கு. ஒரு வரிசையில் 15 சதுரம், அவற்றுக்கு நடுவே 14 மூட்டு. மூட்டுக்கு விடுகிற இடத்தில் அரை நூல் கூடிப்போனால், இரண்டு பக்கமும் சேர்ந்து மூட்டுக்கு ஒரு நூல் குறையும், வரிசை முழுவதற்கும் 1¾ அங்குலம் குறையும். அடுத்த வரிசையோ சரியாகத் தைத்தது. இரண்டையும் பொருத்தும்போது ஒன்று மற்றொன்றைவிட நீண்டு தொங்கும். அப்போது பிரிப்பதைத் தவிர வழியில்லை. பிரிக்கிற ஊசி போர்வைக்காரியின் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக இருப்பதன் காரணம் இதுதான்.

துணிக்கு இவ்வூரில் பஞ்சமில்லை. சின்னம்மாவின் பெட்டியில் மலாய்க்காரத் தோழி கொடுத்த பாத்திக் கைலி இருக்கும். பழவேற்காட்டுத் துறையிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த கட்டம்போட்ட துணியின் வாரிசான பெலிக்காட் இருக்கும். பேத்தியின் கருநீலப் பள்ளிச் சீருடை இருக்கும். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் வாங்கிய பருத்திப் புடைவையின் முந்தானை இருக்கும். ஜார்ஜெட்டும் பாலியெஸ்டரும் மட்டும் சேர்ப்பதில்லை; முன்னது இழுத்த இழுப்புக்குப் போகும், பின்னது இஸ்திரிச் சூட்டில் சுருங்கும். சிவப்புத் துணி எதுவானாலும் ஒரு பரீட்சைக்கு உட்பட்டே உள்ளே வரும்: ஈரமான வெள்ளைத் துண்டை அதன்மேல் அழுத்தி வைத்து, சற்று நேரம் பொறுத்து எடுத்துப் பார்ப்பார், லேசான ரோஜா நிறம் ஏறியிருந்தாலும் அந்தச் சிவப்பு மறுபடி வாளிக்குத்தான் போகும். இந்தப் பொறுமை இல்லாதவர்களின் போர்வை முதல் சலவையிலேயே எல்லா வெள்ளைச் சதுரமும் சிவந்து வெளியே வரும். நடு அடுக்குக்கு, இங்கே தலையணைக்கு அடைக்கும் இலவம்பஞ்சு உதவாது. வழுக்குகிற அதன் இழைகள் ஒன்றையொன்று பற்றாமல் மூலைக்கு ஒதுங்கிவிடும். நைந்துபோன பருத்தி விரிப்பு ஒன்றே போதும் என்பது சின்னம்மாவின் சித்தாந்தம், உஷ்ணப் பிரதேசத்துக்கு அது ஏற்றதுந்தான்.

இவையெல்லாம் நேற்று முளைத்த பொழுதுபோக்கு அல்ல. வங்காளத்துப் பெண்கள் பழம்புடைவைகளை அடுக்கி, புடைவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே காந்தா தைத்தார்கள்; வட கர்நாடகத்தில் கவுதி தைக்கிறார்கள்; உத்தர கன்னடத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சத்தினரான சித்திகளும் தைக்கிறார்கள். சீனர்களிடம் பல வீடுகளில் துணி கேட்டு வாங்கிக் குழந்தைக்குப் போர்வை தைக்கும் வழக்கம் உண்டு. இன்னும் பின்னே சென்றால், மகத நாட்டு நெல்வயல்களையும் அவற்றின் வரப்புகளையும் காட்டி, அந்த அமைப்பிலேயே பிக்ஷுக்களின் ஒட்டுச் சீவரத்தைத் தைக்கும்படி ஆனந்தருக்குப் புத்தர் பணித்ததாக விநய பிடகம் கூறுகிறது.

மலாயாவின் சரித்திரத்தில் ஒட்டுப் போர்வைக்கு ஒரு துயரமான அத்தியாயம் உண்டு. 1942-இல் ஜப்பானியர் வசம் சிங்கப்பூர் வீழ்ந்தபின், சாங்கி சிறையில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அடைக்கப்பட்டார்கள். உயிரோடிருக்கிறோம் என்று கணவனுக்கு ஒரு வரி எழுதவும் வழியில்லாதிருந்தது. எத்தல் மல்வேனி என்ற கனடியப் பெண்மணியின் யோசனைப்படி, கைதிப் பெண்கள் 6 அங்குலச் சதுரங்களில் தத்தம் பெயரையும், மனத்திலிருந்த ஏதோ ஒரு சித்திரத்தையும் தைத்துக் கொடுத்தார்கள்; தலா 66 சதுரங்களைக் கொண்ட மூன்று போர்வைகள் தயாராயின. காயமுற்றவர்களுக்கு என்று சொல்லி அவை வெளியே அனுப்பப்பட்டன. பெயர்களைப் படித்த ஆண்களுக்குச் சேதி கிட்டிற்று. இன்று அவற்றுள் இரண்டு கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் இருக்கின்றன.

விற்றால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஆற்றுவளைவுக் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் வேலை உடுப்புகளின் கந்தலில் தைத்த போர்வைகள், 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவரில் ஏறி, 2006-இல் அஞ்சல்தலைகளிலும் அச்சாயின என்பது வாஸ்தவம். ஆயினும் இரவுச் சந்தையில் இயந்திரப் போர்வை மலிவாய்க் கிடைக்கிற ஊரில், மாதக்கணக்கான கைத்தையலுக்கு உரிய கூலியை யார் தருவார்கள்? சின்னம்மா ஒன்றைக்கூட விற்றதில்லை. பெறுகிறவரின் பெயரை ஒரு மூலையில் தைத்துக் கொடுத்துவிடுவார். விலை பேசத் தொடங்கினால் பிரித்துத் தைக்க மனம் வராது என்பது அவருடைய கட்சி, என்னுடையதும் அதுவே.

ஆரம்பிக்க விரும்புகிறவர்களுக்குக் கட்டில் போர்வை வேண்டாம். பக்கத்துக்கு 9 சதுரமாக மொத்தம் 81 சதுரம், முடிந்தால் 36 அங்குலம். குழந்தை விரிப்புக்கு அது சரியான அளவு. பழைய கைலி மூன்று, நைந்த விரிப்பு ஒன்று, வெள்ளை நூல்கண்டு ஒன்று, துணிகளை முதலில் துவைத்துக் காயவைத்துக்கொண்டால் போதும். இவ்வூர்க் காற்றின் ஈரத்தில் குண்டூசிகள் துருப்பிடித்துத் துணியில் கறை போடும் என்பதால், நூலோட்டம் போட்டதும் அவற்றை உருவி எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பது நல்லது.