பழைய பிக்கப் வண்டிக்குப் "பெரிய" பின் அச்சு! முறிவு நிற்குமா? புது ஆபத்து வருமா?

மங்களூர்,

அடிக்கடி முறியும் பின் அச்சைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெரிய வண்டியின் அச்சை மாட்டினால் பழைய பிக்கப் வண்டியில் எவ்வளவு பாரம் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று வண்டிக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். அதில் பாதி சரி. மீதிப் பாதி உயிருக்கே உலை வைக்கும்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கிறது மங்களூர். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பூமி. விருத்தாசலமோ பீங்கானுக்குப் பெயர் போன ஊர். களிமண் மூட்டை, அகல் விளக்கு, பொம்மை, சோளம், பஞ்சு என்று ஏதாவது ஒரு பாரம் எப்போதும் ரோட்டில் போய்க்கொண்டே இருக்கும்.

பஞ்சு ஏற்றினால் வண்டி நிறைந்து தெரியும். ஆனால் கனம் இருக்காது. களிமண் அப்படி அல்ல. பாதித் தொட்டிதான் இருக்கும். அதற்குள் வண்டி திணறும். மண் ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்!

பட்டறைப் பேச்சு

இப்படிப்பட்ட ஊர்களில் ரோட்டோரப் பட்டறைகளில் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்:-

"அண்ணே, ரெண்டாவது தடவையா ஷாப்ட் முறிஞ்சுபோச்சு. பெரிய வண்டி ஹவுசிங் ஒண்ணு பழைய சாமான் கடையில கிடக்குதாம். வாங்கி மாட்டிடலாமா?"

"மாட்டலாம் தம்பி. ஆனா செலவு அதோட நிக்காது. பிரேக்கு, ஜாயிண்டு, பட்டை எல்லாத்தையும் பார்க்கணும். பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்டா என்ன சொல்லுவே?"

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலர் காதில் போட்டுக் கொள்வதில்லை.

முறிந்த இடத்தைப் பாருங்கள்

அச்சை மாற்றுவதற்கு முன்பு, முறிந்த ஷாப்டின் வாயை ஒரு தடவை உற்றுப் பார்க்க வேண்டும். அதுவே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஒரு பக்கம் வழவழப்பாக, வளையம் வளையமாகக் கோடு விழுந்தும், மறு பக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால், அது ஒரே நாளில் முறிந்தது அல்ல. சிறு கீறலாகத் தொடங்கி, நாள்பட வளர்ந்து, கடைசியில் "படக்" என்று போயிருக்கிறது. தினசரி அதிக பாரம், தேய்ந்த பேரிங், வளைந்த ஹவுசிங் இவற்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம்.

ஷாப்ட் முறுக்குப் போட்டது போலத் திருகி முறிந்திருந்தால், சேற்றில் சிக்கிய வண்டியை எடுக்கக் கிளச்சைத் திடீரென்று விட்டிருப்பார்கள். அது டிரைவரின் கால் செய்த வேலை! அதற்கு அச்சை மாற்றிப் பயன் இல்லை.

இரண்டு ரகம்

பின் அச்சில் முக்கியமாக இரண்டு ரகம் உண்டு.

முதல் ரகத்தில், சக்கரத்தைச் சுற்றுகிற ஷாப்டே வண்டியின் கனத்தையும் தாங்குகிறது. கார்களிலும் சிறிய வண்டிகளிலும் இது அதிகம். இதில் ஷாப்ட் முறிந்தால் சக்கரமே கழன்று ஓடிவிடலாம்.

இரண்டாவது ரகம் லாரிகளில் இருப்பது. இதில் சக்கரத்தின் ஹப், ஹவுசிங் குழாயின் மேல் இரண்டு பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கும். கனத்தைக் குழாய் தாங்கும். ஷாப்டுக்குச் சுற்றுகிற வேலை மட்டும்தான். ஷாப்ட் முறிந்தாலும் சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜாக்கி வைக்காமலே ஷாப்டை உருவி எடுத்துவிடலாம்.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ராணுவ ஜீப்புக்கும் இந்த இரண்டாவது ரகப் பின் அச்சுதான். அந்த ஜீப் வம்சம்தான் 1947-க்குப் பிறகு மகிந்திரா மூலம் நம் நாட்டு ரோடுகளுக்கு வந்தது.

ஆகவே, "பெரிய அச்சு பலமானது" என்று வண்டிக்காரர் சொல்வது பொய் அல்ல. ஆனால் அச்சு மட்டும்தானா வண்டி?

பல் கணக்கு

பின் அச்சின் நடுவில் கிரவுன், பினியன் என்று இரண்டு பற்சக்கரங்கள் உண்டு. பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 39 பல் என்றால், பினியன் 4.88 தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். கிரவுனுக்கு 43 பல் என்றால் 5.38 தடவை. பழைய ஜீப்புகளில் இந்த இரண்டு கணக்கும் இருந்தன.

நாலு பல்தானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. 39-ஐ எடுத்துவிட்டு 43-ஐப் போட்டால் இழுவை கூடும், மேடு ஏறும். ஆனால் அதே வேகத்துக்கு என்ஜின் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்ற வேண்டும். டீசல் செலவு கூடும்.

கியர் பெட்டியில் இருந்து ஓடுகிற ஸ்பீடா மீட்டரும் பொய் சொல்லும். 50 என்று காட்டினால் உண்மையில் 45-தான். மாற்றிப் போட்டால் இன்னும் மோசம். 50 காட்டும்போது வண்டி 55-ல் பறக்கும்!

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியானால் முன் அச்சிலும் பின் அச்சிலும் பல் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, பற்கள் நொறுங்கிவிடும்.

மற்ற தொல்லைகள்

* பெரிய அச்சோடு பெரிய டிரம் வரும். அதற்குப் பழைய மாஸ்டர் சிலிண்டர் போதாமல் போகலாம். பெடல் கீழே இறங்கும். பின் பிரேக்கின் பிடி அதிகமாகிவிட்டால், காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும்.

* புரப்பல்லர் ஷாப்டின் நீளம் மாறும். நீண்டுவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போது கியர் பெட்டியை இடிக்கும். குட்டையானால் இணைப்பு கழன்றுவிடும். வெட்டி ஒட்டினால் பேலன்ஸ் பார்த்தே தீர வேண்டும்.

* ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்தை வெல்டு வைத்து மாற்ற வேண்டியிருக்கும். ஒரே மூச்சில் வெல்டு வைத்தால் சூட்டில் குழாய் வளையும். பிறகு ஆயில் சீலும் பேரிங்கும் நிற்காது.

* முன் சக்கரத்துக்கு 5 போல்ட்டு, பின் சக்கரத்துக்கு 6 போல்ட்டு என்று ஆகிவிட்டால் ஒரு ஸ்டெப்னி போதாது. நடுராத்திரி பஞ்சர் ஆனால் தெரியும் சங்கதி!

பாரம் எங்கே போகும்?

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஒரு விஷயம் மாறாது. அச்சு பலமானால் வண்டியின் அடிச்சட்டம் பலமாகிவிடாது. முன் பிரேக்கும் ஸ்டியரிங்கும் டயரும் பழையவைதான். இதுவரை அச்சை முறித்த பாரம், இனி அடிச்சட்டத்தைக் கீறும். டயரை வெடிக்க வைக்கும்.

அச்சு முறிந்தால் பெரும்பாலும் வண்டி நின்றுவிடும். பிரேக் பிடிக்காவிட்டால் வண்டி நிற்காது!

பாரத்தை அச்சுக்கும் பின்னால் தள்ளி ஏற்றினால் இன்னும் கேடு. பின் அச்சின் மேல் பாரத்தின் கனத்தைவிட அதிக அழுத்தம் விழும். முன் பக்கம் தூக்கிக் கொள்ளும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. புத்தக விவரம் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில், கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது.

2019-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம்.

அதிக பாரத்துக்கு 20 ஆயிரம் ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2 ஆயிரம் ரூபாய். இறக்கு கூலி தனி!

"லாரி அச்சு போட்டிருக்கிறேன்" என்று சொன்னால் யாரும் விடமாட்டார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எடைதான் கணக்கு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இந்த மாற்றத்தைக் காட்டிப் பணம் தர மறுக்கலாம்.

என்ன செய்யலாம்?

அதே கம்பெனி, அதே மாடலுக்கு உரிய நல்ல அச்சைப் போடுவதே முதல் வழி. ஹவுசிங் வளைந்திருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா என்று பார்த்துச் சரிசெய்தால் பாதி முறிவுகள் நின்றுவிடும்.

வேறு வண்டி அச்சு போட்டே ஆக வேண்டும் என்றால், பணம் கொடுத்து வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். அனுமதி இல்லை என்றால் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

தினமும் அதிக பாரம் ஏற்றித்தான் பிழைப்பு நடக்கிறது என்றால், தேவை பெரிய அச்சு அல்ல, பெரிய வண்டி. அதற்கு வழி இல்லாதவர் ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை அடிக்கலாம்.

டீசல் கூடுதலாகச் செலவாகும். ஆனால் வண்டியும் டிரைவரும் பத்திரமாக வீடு வந்து சேருவார்கள்.