சிறுநீர் சிவந்தால் ஒன்று, கண் மஞ்சளித்தால் வேறு

1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம்தான் தாம்பரம் சானடோரியம். அங்குள்ள நெஞ்சக மருத்துவமனைக்கு இன்றும் டிபி நோயாளிகள் வருகிறார்கள். மாத்திரை தொடங்கிய பலரை முதலில் மிரட்டுவது சிறுநீரின் ஆரஞ்சு நிறம். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம்; வியர்வையிலும் கண்ணீரிலும்கூட இறங்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. இது பக்கவிளைவு.

கண் மஞ்சளாகி, சோறு பிடிக்காமல், குமட்டல் எடுத்தால் கதை வேறு. ரிஃபாம்பிசின் உள்ளிட்ட டிபி கூட்டு மருந்து கல்லீரலைத் தாக்கியிருக்கலாம். அந்தக் கூட்டில் உள்ள எத்தாம்புடால் சாப்பிடுகிறவருக்குப் பார்வை மங்கினாலும், சிவப்பும் பச்சையும் குழம்பினாலும் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். சரியான அளவில் கொடுத்த மருந்தே இப்படிக் கெடுதல் செய்வதைத்தான் பாதக எதிர்வினை என்கிறார்கள். பக்கவிளைவும் தீங்கு செய்யும் அளவுக்குப் போனால் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நிறத்துக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறவருக்கு நோய் முற்றுகிறது. மஞ்சளைச் 'சூடு' என்று சமாளித்து விழுங்குகிறவருக்குக் கல்லீரல் போகிறது. இந்த வித்தியாசத்தை மருந்து கொடுக்கும்போதே நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் உரிமை.

டிபி மருந்தோடு இது முடியவில்லை. மாதவிடாய் வலிக்குப் பலரும் கடையில் கேட்டு வாங்கும் மெஃபனமிக் ஆசிட் குறித்து, 2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தியல் நூல் ஆணையம் எச்சரிக்கை விடுத்தது. அந்த மருந்தால் வரக்கூடிய 'டிரெஸ்' எனப்படும் கடும் ஒவ்வாமை பற்றியது அது: தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டு, உள்ளுறுப்புப் பாதிப்பு. மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துக்கூட வரும் என்பதால், மாத்திரைமேல் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த எச்சரிக்கை பிறந்ததே, வந்து சேர்ந்த எதிர்வினைப் புகார்களை அலசியதால்தான்.

புகாரை டாக்டர்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. நோயாளியோ வீட்டாரோ 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் போதும். பெயர் வெளியே போகாது. மருந்தின் பெயர், பேட்ச் எண், தொடங்கிய தேதி இருந்தால் நல்லது. எனவே மாத்திரை அட்டையை எறியாதீர்கள். ஆங்கில மருந்துக்கு மட்டுமல்ல இது. நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவே இல்லை என்ற நம்பிக்கை தாம்பரத்தில் பலருக்கு உண்டு. அதே சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம், சித்த மருந்துகளின் எதிர்வினைகளைப் பதிவுசெய்யும் மையமாகவும் இயங்குகிறது.

புகார் கொடுத்தால் இழப்பீடு வந்துவிடாது. எதிர்வினை வந்த ஒரே காரணத்தால் டாக்டர் குற்றவாளியும் ஆகமாட்டார். ஆனால் அலர்ஜி என்று முன்பே சொல்லியும் அதே மருந்தைக் கொடுத்தால் அது கவனக்குறைவு. அப்போது இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். அதற்கு முன் சிகிச்சைப் பதிவேட்டை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதி.