ஆக்ஸிஜனைக் காந்தம் இழுக்கும்

போன எபிசோட்ல ஃபுஜைரா கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற எண்ணெய் டேங்கர்களைப் பற்றிப் பேசினோம். நடுவுல "அதுல ஆக்ஸிஜனைக் காந்தத்தை வச்சு அளப்பாங்க"ன்னு ஒரு வரி சொல்லிட்டு ஓடிட்டேன். "காற்றைப் போய் காந்தமா?"ன்னு கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்விதான்.

என் அப்பா வளைகுடாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வேலை பார்த்தார். டேங்குக்குள்ள இறங்கற வேலை. கையில் ஒரு சின்ன மீட்டர். இறங்கறதுக்கு முன்னாடி டெக்கில், திறந்த வெளியில் அதை ஆன் பண்ணுவார். 20.9 சதவீதம் காட்டணும். ஒரு நாள் 19.6 காட்டியிருக்கு. "செல்லு போயிடுச்சு, இறங்க மாட்டேன்"னு உட்கார்ந்துட்டார். வேற மீட்டர் வர ரெண்டு மணி நேரம். சூப்பர்வைசர் கத்தின கத்தலை இன்னும் சொல்லிக்காட்டுவார்.

கை மீட்டருக்குள் இருப்பது பேட்டரி மாதிரியான ஒரு வேதியியல் செல். ஆக்ஸிஜனைத் தின்று மின்சாரம் தரும், நாளாக நாளாகத் தேயும். தொழிற்சாலைகளிலும் கப்பல்களிலும் பொருத்தும் பெரிய அனலைசர்கள் பலவற்றில் வேலை செய்வது காந்தம். அதில் எதுவும் தேய்வதில்லை.

நைட்ரஜன் மூலக்கூறில் எலக்ட்ரான்கள் எல்லாமே ஜோடி ஜோடியா இருக்கும். ஆக்ஸிஜனில் ரெண்டு எலக்ட்ரான் மட்டும் ஜோடி சேராமல் நிற்கும். அதனால்தான் காந்தம் அதை இழுக்கிறது. திரவ ஆக்ஸிஜனை வலுவான காந்தத்தின் முனைகளுக்கு நடுவில் ஊற்றினால் கீழே கொட்டாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். யூட்யூப்ல தேடிப் பாருங்க, செமையா இருக்கும்.

இதைக் கருவியாக்கியவர் லைனஸ் பாலிங். 1940-ல் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குள் ஆக்ஸிஜனை அளக்க அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு வழி தேவைப்பட்டது. பாலிங் ரெண்டு குட்டிக் கண்ணாடிக் குமிழ்களை ஜிம்மில் இருக்கும் டம்பெல் மாதிரி இணைத்து, மெல்லிய இழையில் காந்தத்துக்கு நடுவே தொங்கவிட்டார். ஆக்ஸிஜன் வந்தால் காந்தப்புலம் வலுவான இடத்துக்கு அது முண்டியடித்துப் போகும், குமிழ்களை வெளியே தள்ளும். டம்பெல் லேசாகத் திரும்பும். அதில் ஒட்டிய கண்ணாடி ஒளிக்கற்றையை நகர்த்தும். இன்றைய கருவிகளில் டம்பெல்லைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். அதைப் பழைய இடத்துக்கே இழுத்து நிறுத்த எவ்வளவு மின்சாரம் வேணுமோ, அதுதான் ஆக்ஸிஜன் அளவு.

டேங்கருக்கு இது எதுக்கு? ஆக்ஸிஜன் சுமார் 11 சதவீதத்துக்குக் கீழே போனால் எண்ணெய் ஆவி தீப்பிடிக்காது. அதனால் டேங்கில் மந்த வாயுவை நிரப்பி, 8 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதே டேங்கில் மனுஷன் இறங்கணும்னா காற்றடித்து 20.9-க்குக் கொண்டுவரணும். 8 சதவீதத்தில் இறங்கினால் நிமிஷங்களில் மயக்கம்.

காந்தத்தையும் ஏமாற்றலாம். நைட்ரிக் ஆக்சைடும் காந்தத்துக்கு ஈர்க்கப்படும். வளிமண்டல அழுத்தம் மாறினாலும் கணக்கு மாறும். அதைவிட மோசமானது, அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. வளைகுடா கச்சா எண்ணெயில் தாராளமா இருக்கும். ஆக்ஸிஜன் அளவு ஒரு சதவீதம் குறையணும்னா வேற வாயு கிட்டத்தட்ட 5 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 50,000 பங்கு கலக்கணும். இந்த விஷவாயுவில் 100 பங்கே உயிருக்கு ஆபத்து. மீட்டர் அப்பவும் 20.9-ன்னுதான் காட்டும்.

அப்பா சட்டைப் பையில் அதுக்குன்னு தனியா இன்னொரு மீட்டர் வச்சிருந்தார்.