பழுதானால் நிற்கும் ரயில், நிற்க முடியாத விமானம்

ரயில் பெட்டிகளுக்கு அடியில் ஓடும் குழாயில் காற்றழுத்தம் முழுதாக இருக்கும்வரை பிரேக் விடுபட்டிருக்கும். அழுத்தம் குறைந்ததும், ஒவ்வொரு பெட்டியிலும் தொட்டியில் சேமித்த காற்று பிரேக் கட்டைகளைச் சக்கரத்தோடு அழுத்தும். குழாய் வெடித்தாலும், பெட்டிகள் கழன்றாலும் ரயில் தானாக நிற்கும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் உருவாக்கிய இந்த ஏற்பாட்டின் அடிப்படை இன்றும் மாறவில்லை.

இதன் அருமை 1889 ஜூன் 12 அன்று தெரிந்தது. அயர்லாந்தின் ஆர்மா அருகே, ஏற்றத்தில் திணறி நின்ற சுற்றுலா ரயிலை இரண்டாகப் பிரித்தார்கள். அதன் வேக்குவம் பிரேக் இந்த வகையல்ல. கழற்றியதும் பின்பெட்டிகளில் அது செயலிழந்தது. அவை சரிவில் உருண்டு, பின்னால் வந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தனர். அவர்களில் குழந்தைகள் பலர். அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணிகள் ரயில்களுக்குத் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

விமானம் நடுவானில் நிற்க முடியாது. கருவி பிசகினால், கட்டுப்பாடு தடையின்றி விமானியின் கைக்கு வந்தாக வேண்டும். போயிங் 737 மேக்ஸின் எம்காஸ் மென்பொருளோ, இரண்டு உணரிகள் இருந்தும் ஒன்றை மட்டுமே நம்பியது. அந்த ஒன்று தப்பாகக் காட்டியபோது விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளியது. விமானி நிமிர்த்த நிமிர்த்த, மறுபடியும் தள்ளியது. முதல் விபத்துவரை விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிய விளக்கமே இல்லை. மன்னிக்க முடியாத குறை இது. 2018, 2019 விபத்துகளில் 346 பேர் மாண்டனர். திருத்திய மென்பொருள் இரு உணரிகளையும் ஒப்பிடுகிறது. அளவுகள் பெரிதும் முரண்பட்டால் ஒதுங்கிக்கொள்கிறது. இயங்கினாலும், விமானி இழுத்துச் சமாளிக்க முடியாத அளவுக்கு மூக்கைத் தள்ளாது.